சிந்துஜாவின் மூளையும் பெரியம்மாவின் பத்தியமும்

சிந்துஜாவின் மூளையில் ஒருவகைக் கொழுப்பு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது என்று தெரிந்த அன்றே, மலேசியாவின் சுங்கை பினாங்கில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூளை நிபுணர்கள் ஆனார்கள். தலைமை நிபுணர், அவளை வளர்த்த நல்லம்மா பெரியம்மா.

"இது பிறப்பிலேயே வர்றது. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்று பேராசிரியர் ஸ்ரீகரன் இரண்டு தடவை விளக்கினார். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "சின்னப் பையன், பாவம்," என்று அந்த நரைத்த தலையை மன்னித்தார். வீட்டிலிருந்து நெய்யும் தேங்காய்ப்பாலும் நாடு கடத்தப்பட்டன. கொழுப்பு நோய்க்குப் பத்தியம் கஞ்சி.

நோய் மிக அரிது என்பதில் பேராசிரியருக்கு அலாதி மகிழ்ச்சி. "நீ ரொம்ப ஸ்பெஷல்மா!" என்று கைகுலுக்கினார். நாலடி நடந்தால் தடுமாறும் பெண்ணுக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும்? மூளையைப் படம் எடுத்து நோயின் போக்கை அளக்கும் ஆய்வு அவருடையது. ஆய்வில் சேர்பவர்களுக்குப் புது மருந்து கிடைக்கும். ஆனால் முதல் படம் தெளிவாக இருக்க வேண்டும். சிந்துஜாவின் கால்கள் துடித்ததில் இரண்டு முறை படம் கலங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்தால் அளவு மாறுமாம்.

"இன்னிக்கும் கலங்குனா உன் இடம் ஜொகூர் பேஷண்டுக்குப் போயிடும்," என்று அன்பாகச் சொல்லிவிட்டு அவர் மீட்டிங்குக்குப் போனார்.

படம் எடுக்கும் நூர் ஃபாத்திஹா, சிந்துஜாவின் கை நடுங்குவதைப் பார்த்தாள். "சாப்டியா தங்கச்சி?"

"இல்லக்கா. இன்னிக்குக் கஞ்சியும் கட். மூளையக் கழுவிக் கவுத்து எடுத்துட்டு வந்திருக்கோம்."

ஃபாத்திஹா சிரித்துக்கொண்டே தன் பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுத்து, சூடாக மைலோ பானமும் கலக்கினாள்.

"ஐயோ, அதுல பட்டர் இருக்கே!" என்றார் பெரியம்மா.

"இருக்கு ஆன்டி. பசியில நடுங்குனா படம் எப்படி வரும் லா?"

பெரியம்மாவின் முகம் மாறியது. "அப்ப போன தடவையும்..."

"அது பயத்துல பெரியம்மா," என்றாள் சிந்துஜா. அன்றும் அவள் பட்டினிதான். பயமும் இருந்தது என்பதால், கடவுள் அதைப் பொய்க்கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

"உள்ள யாராச்சும் காலப் புடிச்சுக்கிட்டா நல்லது. ஆனா உடம்புல ஊக்கு, நகை எதுவும் இருக்கக் கூடாது," என்றாள் ஃபாத்திஹா.

புடவைக் கொசுவம் கலைந்திருந்தால் வாசலைத் தாண்டாதவர் பெரியம்மா. அவருடைய வளையல்கள் கல்யாணத்துக்குப் பிறகு கழன்றதே இல்லை. வளையல்களை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "சவுக்காரம் இருக்காம்மா?" என்று கேட்டார். சோப்பு நுரையில் மணிக்கட்டுத் தோல் சிவக்க வளையல்களை உருவி, புடவையையும் அவிழ்த்து வைத்துவிட்டு, முழங்கால் தெரியும் நீல ஆஸ்பத்திரி கவுனில் வந்து நின்றார்.

"மாடலிங் போலாம் பெரியம்மா!"

"வாய மூடு. ஆடாமப் படு."

இயந்திரம் தகரக் கூரையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் முழங்கியது. சிந்துஜாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா தேவாரம் சொன்னார். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. கேட்க வேண்டியவருக்குக் காது நன்றாகவே கேட்கும். துடித்த கால்கள் மெல்ல அடங்கின.

பேராசிரியர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "அருமை! சிந்துஜா, உன் இடம் உறுதி. எல்லாம் நம்ம புது சாஃப்ட்வேர் பண்ற வேலை! அடுத்த படம் ஆறு மாசத்துல."

ஃபாத்திஹா வாயைத் திறந்தாள். பெரியம்மா அவள் கையைத் தட்டி அடக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. அடுத்த தடவை உங்க சாஃப்ட்வேருக்குக் கொஞ்சம் நீளமான கவுனா எடுத்து வைங்க."