ஜெனிலாவுக்கும் ஒரு ஓட்டு

தெற்குப் பனவிளையில் கட்சிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஓட்டுக் கட்சி, மற்றது கான்கிரீட் கட்சி. முப்பது வருஷத்துக்கு முன்னால் சர்ச்சின் கூரை ஒழுகியபோது, ஓடு மாற்றினால் போதும் என்று பாதிச் சபையும், தளம்தான் வார்க்க வேண்டும் என்று மீதிச் சபையும் முறைத்துக்கொண்டு நின்றதில் பிறந்தவை. கடைசியில் தளம் வார்த்தார்கள். அந்தத் தளமும் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. கட்சிகளில் மட்டும் ஒரு விரிசலும் விழவில்லை. சபைக் கமிட்டி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம், பால் சொசைட்டி, கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு என்ன கலர் பல்பு என்பது வரைக்கும் எல்லாம் இந்த இரண்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். ‘ஓட்டுக் கட்சி’ என்று கேட்கும் வெளியூர்க்காரர்கள், ஓட்டு வேண்டாத கட்சிகூட உங்கள் ஊரில் உண்டா என்று சிரிப்பார்கள். ஊர்க்காரர்கள் சிரிப்பதில்லை. அவர்களுக்கு அது கூரை விஷயம்.

டெனிஷ் நாகர்கோவிலில் எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். இரு கட்சி முறையையும் பல கட்சி முறையையும் ஒப்பிட்டு நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். பேராசிரியர் கடைசிப் பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்தேன் என்று எழுதாத அவருடைய நேர்மை டெனிஷுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நாற்பது பக்கத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சபைக்குச் சொந்தமான கல்யாண மண்டபம் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. டெனிஷின் வீட்டோடு சேர்த்துப் பதினொரு வீடுகள் அதன் கீழே பள்ளத்தில். பிரியாணி அண்டா கழுவிய தண்ணீரெல்லாம் ஒரு குழாய் வழியாக இறங்கி, பள்ளத்து மண்ணில் ஊறி, பதினொரு கிணற்றுக்கும் போய்ச் சேரும். கல்யாணம் நடந்த மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் எண்ணெய் மினுங்கும். “நம்ம கெணத்து வெள்ளத்துல அரிசியப் போட்டா போதும், மசாலா கெடக்கு” என்று டெனிஷ் சொல்லிக்கொண்டிருந்தான், போன மழைக்கு அக்கா ஜெனிலாவின் மகள் மஞ்சள் காமாலையில் பதினேழு நாள் படுக்கும்வரை. அதற்குப் பிறகு அவன் அந்தக் கிண்டலைச் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஓர் உறிஞ்சுகுழி வெட்டினால் காரியம் முடிந்தது. வெட்ட இரண்டு மாசம் மண்டபத்தைப் பூட்ட வேண்டும். பூட்டினால் அந்த இரண்டு மாசத்துக் கல்யாணக்காரர்கள் அத்தனை பேரும் எதிர்க்கட்சிக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஓட்டுக் கட்சி ஆளும்போது கான்கிரீட் கட்சி குழி கேட்டுக் கத்தும்; கான்கிரீட் கட்சி ஆளும்போது ஓட்டுக் கட்சி கத்தும். குழி மட்டும் எந்த ஆட்சியிலும் வராது.

மஸ்கட்டில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள் ஜெனிலா; இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அதிகம் பேசமாட்டாள். பஞ்சாயத்து வார்டு மெம்பர் தேர்தல் அறிவித்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே, “நான் நிக்கப் போறேன். பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு மண்டபத்துக்கு நோட்டீஸ் குடுக்கணும்” என்றாள். பிறகு மீன் முள்ளைப் பார்த்து எடுத்தாள்.

அவர்களுடைய அப்பா ஞானையன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். வாழைக்குலை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஓட்டுக் கட்சி பிறந்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். “எந்த அணியில மக்களே?”

“எந்த அணியும் இல்லப்பா.”

ஞானையன் ஓட்டுப் போடாமல் விட்ட தேர்தல் கிடையாது. டெங்குவில் கிடந்தபோதுகூட, கையில் டிரிப்ஸ் ஊசியோடு பூத்துக்குப் போனவர். ஓட்டுப் போடாதவனும் சர்ச்சில் ராப்போஜனம் எடுக்காதவனும் ஒன்று என்பது அவர் கணக்கு. ஆனால் அணி இல்லாமல் ஓட்டுப் போடுவது எப்படி என்று இதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் டீக்கடையில் சத்தியநேசன் டெனிஷைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுக் கட்சி வேட்பாளர். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அவருக்கு முடி கொட்டி இருபது வருஷம் ஆகிறது.

“லேய் டெனிஷே, இங்க வா மக்கா. உனக்க அக்கா தனியா நிக்காளாமே?”

“ஆமா மாமா. ரெண்டு பேரு மட்டும் இருந்தா, மத்தவனவிடக் கொஞ்சம் கொறவா மோசமா இருந்தாப் போதும், ஜெயிச்சிரலாம். மூணாவது ஆளு வந்தாத்தான் நல்லது எதாவது செய்யணும்னு தோணும்.”

“செரி, வரட்டும். ஓட்டு மூணாப் பிரியும். எவனோ ஒருத்தன் நூத்துமுப்பது வாங்கி ஜெயிப்பான். மிச்சம் எறநூத்தெம்பது பேரும் அவன வேண்டாம்னு சொன்னவனுவ. வேண்டாம்னு சொன்னவனுவளுக்கு அவன் மெம்பரு. இது கொள்ளாமா?”

இது நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. டெனிஷ் டீயை ஊதினான்.

“நீ படிச்சவன்லா, யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல” என்று சொல்லி, சத்தியநேசன் அவனுடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அதிகம் எரிச்சலாக இருந்தது.

பிரச்சாரத்தில் முதல் இரண்டு நாளும் கதவு திறக்கவில்லை. “அணியைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க” என்று டெனிஷ் ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் முகம், அம்மாவைப் பாக்காதே என்று சொன்னது மாதிரி ஆகிவிடும். மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தான். யாரையும் அணியை விடச் சொல்லக்கூடாது, யாருக்கும் புண்படக்கூடாது, கேட்பதும் பணிவாக இருக்க வேண்டும். அப்படிப் பிறந்தது அந்த நோட்டீஸ். மேலே ஜெனிலாவின் படம், கீழே ஆட்டோ சின்னம், நடுவில் கொட்டை எழுத்தில்: ‘ஜெனிலாவுக்கும் ஒரு ஓட்டு!’

ஜெனிலாவிடம் காட்டினான். “நல்லா இருக்கு” என்றாள்.

நோட்டீஸ் மந்திரம் போட்டது மாதிரி வேலை செய்தது. கதவுகள் திறந்தன. கட்டன் சாயா வந்தது. கான்கிரீட் கட்சி வேட்பாளர் குமாரதாஸின் சொந்த அண்ணன் பெண்டாட்டி, மயினி குளோரியே, “அதுக்கென்ன மக்கா, ஜெனிலாவுக்கும் போட்டாப் போச்சு” என்று தட்டில் முறுக்கு வைத்தாள். எண்பது வயது செல்லபாய் மாமி நோட்டீஸை எழுத்துக் கூட்டி வாசித்து, “பாவம் பிள்ள, அவளுக்கும் ஒண்ணு குடுக்கணும்லா” என்று கண் கலங்கினாள். டெனிஷ் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நூற்று அறுபத்தெட்டு உறுதி ஓட்டு. பல கட்சி ஜனநாயகம் தெற்குப் பனவிளையில் காலூன்றியதைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாமா என்றுகூட நினைத்தான்.

ஓட்டுப்பதிவன்று ஞானையன் விடியற்காலையிலேயே பள்ளத்துப் பதினொரு வீட்டுக் கதவையும் தட்டினார். “எழும்புங்கப்பா, கடமையச் செய்யாண்டாமா?” இடுப்பு ஒடிந்து கிடந்தவரையும் நாற்காலியில் தூக்கிப்போக ஆள் பிடித்தார். அவரும் மடிப்புக் கலையாத வேட்டியில் போய், வெகுநேரம் தடுப்புக்குள் நின்று, திருப்தியாக வெளியே வந்தார்.

ஒன்றிய அலுவலகத்தில் எண்ணிக்கை. மேஜைக்கு அந்தப் பக்கம் களைத்துப்போன ஓர் அதிகாரி அம்மா. இந்தப் பக்கம் மூன்று ஏஜெண்டுகள்: ஜெனிலாவுக்கு டெனிஷ், ஓட்டுக் கட்சிக்குப் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், கான்கிரீட் கட்சிக்கு ஜேசுதாஸ் சார். டெனிஷுக்குப் பிளஸ் டூவில் தமிழ் எடுத்தவர்.

முதல் ஐம்பது சீட்டில் ஆட்டோ முன்னால் ஓடியது. டெனிஷ் கால்மேல் கால் போட்டான். அப்போதுதான் அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். சீப்பின்மேல் அழகாக ஒரு முத்திரை. ஆட்டோவின்மேல் அதே அழகோடு இன்னொரு முத்திரை.

“செல்லாது” என்றார்.

அடுத்து ஒன்று, குமாரதாஸின் கட்டிலும் ஆட்டோவும். செல்லாது. பின்னும் சீப்பும் ஆட்டோவும். செல்லாது. எங்கே குத்தினாலும் மை பரவாமல், கோடு தாண்டாமல், அத்தனை பக்குவமாகக் குத்தியிருந்தார்கள். ஒன்றில் மூன்று சின்னத்தின்மேலும் இருந்தது.

“மேடம், ஓட்டுப் போட்டவங்க நோக்கம் தெளிவாத் தெரியுதுல்லா?” என்றான் டெனிஷ்.

“எந்த நோக்கம்ப்பா? ரெண்டும் தெளிவாத்தான் இருக்கு.”

டெனிஷுக்கு அப்போது உறைத்தது. சபைத் தேர்தலில் கமிட்டிக்குப் பத்துப் பேர். சீட்டில் இருபது பெயர் இருக்கும், பத்துப் பேருக்குக் குத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது. முப்பது வருஷமாக ஊர் பழகிய தேர்தல் அது. குறைத்துக் குத்துவதுதான் பாவம் என்று நம்பிய ஜனங்களிடம் போய், இன்னும் ஒன்று குத்துங்கள் என்று வீடுவீடாகக் கெஞ்சியிருக்கிறான்.

ஜேசுதாஸ் சார் அவன் பக்கம் சாய்ந்தார். “எச்ச உம்மை, மக்களே.”

“என்ன சார்?”

“உனக்க நோட்டீஸு. ‘ஜெனிலாவுக்கும்’னா என்ன? வேற ஆருக்கோ போட்டாச்சு, அதுபோக இவளுக்கும்னு அர்த்தம். நான்தான உனக்குச் சொல்லித் தந்தேன். பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு எழுதினியே.” சாரின் முகத்தில், தன் பாடம் ஊருக்கே விளங்கிவிட்ட பெருமை இருந்தது. “நோட்டீஸைப் பாத்த அன்னைக்கே எனக்கு ஒரு இது இருந்து.”

“அப்பவே ஒரு வார்த்தை சொல்லப்படாதா சார்?”

“நான் கான்கிரீட்டுல்லா மக்கா.”

பதிவானது நானூற்றுப் பதினெட்டு. சீப்பு நூற்று முப்பத்தெட்டு. ஆட்டோ நூற்று முப்பத்திரண்டு. கட்டில் நூற்றுப் பதினேழு. செல்லாதவை முப்பத்தொன்று, அதில் இருபத்தெட்டில் ஆட்டோவின்மேல் முத்திரை இருந்தது. ஆறு ஓட்டில் சத்தியநேசன் மெம்பர். அவரை வேண்டாம் என்றவர்கள் சரியாக இருநூற்று எண்பது பேர், டீக்கடையில் அவரே சொன்னபடி. அந்த இருநூற்று எண்பதில் பத்திருபது பேர் அவரையும் வேண்டும் என்றுதான் குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது டெனிஷுக்குத் தலை வலித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் செல்லபாய் மாமி வேலிப்பக்கம் நின்று கூப்பிட்டாள். “தோத்துட்டியளாமே மக்கா. நான் போட்டேன் கேட்டியா. ஒருத்தரையும் வெறுக்கப்படாதுன்னு மூணு பேருக்கும் போட்டேன்.”

“தெரியும் மாமி. பாத்தேன்” என்றான்.

ஜெனிலா டியூட்டி முடிந்து வந்த உடுப்பிலேயே வாசல்படியில் இருந்தாள். ஞானையன் எழுந்து நின்றார். “எத்தனையில போச்சு?”

“ஆறு.”

“சே. எப்பிடி? நான் நல்லா அமுக்கிப் போட்டேனே.”

டெனிஷுக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. “எதுல போட்டிய?”

“சீப்புலயும் போட்டேன், ஆட்டோவுலயும் போட்டேன். அணிய விட முடியுமா? பெத்த பிள்ளைய விட முடியுமா? நீதானலே சொன்ன, ஜெனிலாவுக்கும்னு? பள்ளத்துல எல்லார்ட்டயும் அப்பிடித்தான் பறஞ்சு குடுத்தேன்.”

டெனிஷ் வாயைத் திறந்தான். திட்டுவதற்கு வார்த்தை வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அது திரும்பிப் போனது. விளக்கினான். செல்லாது என்ற சொல் வந்ததும் ஞானையன் படியில் உட்கார்ந்துவிட்டார். டெங்குவில்கூட விடாத கடமை.

ஜெனிலா அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “நோட்டீஸ் நல்லா இருக்குன்னு நானும்தான் சொன்னேன்” என்றாள்.

மேலே மண்டபத்தில் யாரோ அண்டாவை இழுத்தார்கள். நாளைக்குக் கல்யாணம்.

கொஞ்ச நேரம் கழித்து ஞானையன் சட்டையை மாட்டினார். “சத்தியநேசன்கிட்ட நான் கேக்கேன். குழி வெட்டித்தான் ஆவணும். அவனுக்கு ஓட்டுப் போட்டவன் நான், எனக்கு உரிமை உண்டு.”

“அப்பா, அது செல்லாத ஓட்டு” என்றான் டெனிஷ்.

“செல்லாட்டா என்னலே? போட்டவன் நாந்தானே?” என்று அவர் மேட்டில் ஏறிப் போனார்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் காகிதத்தில் பொதிந்த மூன்று லட்டு. “செய்யாம்னு சொல்லியிருக்கான். அடுத்த சபைக் கமிட்டியில வைப்பானாம்.”

“கமிட்டி எப்ப?” என்றாள் ஜெனிலா.

“கல்யாண சீசன் முடிஞ்சொடன.”

ஜெனிலா லட்டை வாங்கவில்லை. உள்ளே போய் இரண்டு குடத்தை எடுத்து வந்து, ஒன்றை டெனிஷின் கையில் கொடுத்தாள். மேட்டுத் தெருக் குழாயில் ஆறரைக்குத் தண்ணீர் நின்றுவிடும். மணி அப்போதே ஆறு பத்து.