கடைசியாகப் பயன்படுத்திய நாள்

எங்கள் நகராட்சியில் எந்தத் தாளை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும், எதை எப்போது அழிக்கலாம் என்று அட்டவணை போடுகிறவள் நான். நாய் லைசென்ஸுக்கு இரண்டு வருஷம், நீச்சல்குளத்துக் குளோரின் அளவு எழுதிய தாளுக்கு ஏழு. பத்தொன்பது வருஷத்தில் இதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

போன மாதம் டிரென்ட் வந்தான். மெல்பர்னிலிருந்து வந்த புது மேலாளர். கிடங்கைக் காலி பண்ண வேண்டுமாம்.

"கிளெனிஸ், பைப் டிப்போ வேலைப் பதிவேடு ஒண்ணு கிடக்கு. எழுபத்து நாலுலேர்ந்து எண்பத்து மூணு வரைக்கும். அதுக்கும் ஏழுன்னு போட்டு, வெள்ளிக்கிழமை அழிக்க அனுப்பிடுங்க."

அதில் என்ன இருக்கிறது என்று அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்த நாள் யார் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் அறுத்தார்கள் என்று பேரோடு இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர். அந்தத் தூசி நெஞ்சுக்குள் நாற்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். இதற்கு ஏழு வருஷமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைசி ஆள் இருக்கிற வரைக்கும் இது இருக்கணும்."

"எந்த ஆளு? எல்லாரும் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாங்க. நீங்க எழுதலைன்னா நானே எழுதிக்கறேன்."

எழுதினான். கையெழுத்தும் போட்டான். 'கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து ஏழு வருஷம்.' படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வியாழன். மெர்வ் லாக்யருக்குப் போன் பண்ணினேன். டிப்போவில் ஒன்பது வருஷம் குழாய் அறுத்தவர். இப்போது நுரையீரல் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில், அங்கே அறுத்ததற்கு என்ன ஆதாரம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு படிவம் எழுதணும் மெர்வ். ஆபீஸுக்கு வர முடியுமா?"

"ஆறு படிதானே. மெதுவா ஏறறேன்."

ஏறினார். கவுண்டரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு, பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன். விரல் வைத்துத் தேடித் தன் பேரைக் கண்டுபிடித்தார்.

"எங்க சூப்பர்வைசர் பேரியோட எழுத்து இது. அவன் போயிட்டான்."

நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டு அட்டையில் 'பயன்படுத்திய நாள்' கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினேன். டிரென்ட் உள்ளேயிருந்து வந்தான்.

"என்ன பண்றீங்க?"

"உங்க விதிப்படிதான் பண்றேன். இன்னிக்குப் பயன்படுத்தியாச்சு. இனிமே ஏழு வருஷம் யாரும் தொட முடியாது."

"சரி, ஏழு வருஷம் கழிச்சு அழிக்கறேன்."

மெர்வ் நிமிர்ந்தார். "என்னைச் சேர்த்துப் பதினொரு பேர் இருக்கோம் தம்பி. கிளெனிஸ், பத்துப் படிவம் குடும்மா. எல்லாரும் ஒண்ணா வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஏழு முடியறதுக்குள்ள, ஆறு வருஷத்துக்கு ஒருத்தன் வந்து பார்த்தாப் போதும். அப்ப எவன் மிச்சம் இருக்கானோ, அவன் வருவான்."

பத்துப் படிவங்களை எண்ணிக் கொடுத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். படியருகே டிரென்ட் கையை நீட்டினான். மெர்வ் அதைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார்.