பேட்டரிக்கு வெச்ச பொட்டு

செம்மேட்டுல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருக்கற பிரேமை நான் நம்பறதே இல்லீங்க. எங்க ஊட்டுல மிளகு எடையைக் கூட்டறதுக்கு ஒரு பழைய கால்குலேட்டர் இருக்குது, செவப்பா எண்ணு எரியும். தொண்ணூத்தெட்டுல ஆயுத பூஜை கழிஞ்சதும் எண்ணெல்லாம் மங்கி அணைஞ்சுபோச்சு. "அழுக்குங்கக்கா"ன்னு உள்ள கொண்டுபோய்ச் சரிபண்ணிக் குடுத்தான். அடுத்த வருசமும் அதே பூஜை, அதே கோளாறு. இவன் ஏதோ பண்ணி வெக்கறான்னு தோணாம இருக்குமா?

இந்தத் தடவை கடையிலயே உக்காந்துட்டேன்.

"என் கண்ணு முன்னால கழட்டு."

பின்மூடியத் தொறந்தான். பேட்டரி மூக்குலயும் அது தொடற ஸ்பிரிங்லயும் சந்தனம் காஞ்சு கெட்டியா ஒட்டியிருந்துச்சு, மேல குங்குமம்.

"ஏனுங்கக்கா, இப்பிடியிருந்தா கரண்ட் எப்பிடிப் போகும்? யாரு பொட்டு வெச்சது?"

"நாந்தான். பூஜையும் ஆச்சு, நீ பேட்டரிய மாத்துனா தெரிஞ்சும்போயிரும்."

அவன் சொரண்டி எடுத்துத் துணியில நல்லாத் தொடச்சு மாட்டுனான். எண்ணு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு.

மனசு ஆறித்தான் பஸ் ஏறுனேன். வளப்பூர் வந்து எறங்குனப்பதான் சுருக்குன்னுச்சு.

பாவிப் பய, அடையாளத்தையே அழிச்சுட்டானே! இப்ப உள்ள இருக்கறது யாரு பேட்டரியோ?