அட்டையின் பின்பக்கத்து விரல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று முந்திக்கொள்ளாதீர்கள். இது எட்டு வரிப் பொய். அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்து விற்ற பொய். எழுதியவன் நான்.

உண்மை இதுதான். அக்கா மகள் வாண்டுக்கு அப்போது இரண்டு வயது. பகலில் அவள் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் படுக்கையறைக் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொள்ளும். பிள்ளை வீலென்று எழுந்துகொள்ளும். அக்கா ஒரு பழைய தலையணையைக் கிழித்து, பஞ்சைத் துணிக்குள் திணித்து, கதவின் விளிம்பில் மாட்டுகிற மாதிரி தைத்தாள். சத்தம் நின்றது. கதவுத் தொப்பி என்று பெயர் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், பிறகு கடைக்காரர்கள் கேட்டார்கள். முன்னறையில் மூன்று தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது.

ஒவ்வொரு தொப்பியோடும் வைத்து விற்கிற அட்டைக்கு வாசகம் எழுதுவது என் வேலை.

"தூக்கம் கலையுதுன்னு எழுதினா எவன்க்கா வாங்குவான்? விரல் நசுங்கிச்சுன்னு எழுதுவோம்."

அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே, "என்னமோ பண்ணு. பிள்ளைய ரொம்ப அழ வைக்காம எழுது" என்றாள்.

அக்கா சொல்வது மாதிரி எழுதினேன்: 'ஒரு காலை நேரம். கதவிடுக்கில் என் மகளின் சுண்டுவிரல்...'

2

முதலில் கதையை இப்படித்தான் தொடங்கியிருந்தேன்: 'ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, நடக்காத ஒன்று ஞாபகம் இருந்தது, அது'

(நிறுத்திவிட்டேன். 'நடக்காத' என்று எழுதும்போது இருந்த தைரியம் அந்த வரி முடிவதற்குள் போய்விட்டது.)

பொருட்காட்சிகளில் மேசை போட்டு விற்போம். வருகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, எங்களோடு நிற்கும் வாண்டைப் பார்ப்பார்கள். "அந்தப் பாப்பா நீதானா? எந்த விரலு, காட்டு?"

முதல் தடவை அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். (அட்டையில் எழுதியதை மன்னித்தாலும் இந்தத் தலையாட்டலை மன்னிக்காதீர்கள்.) இடது கைச் சுண்டுவிரலை நீட்டினாள்.

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

ஆளுக்கொரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சாமான் அவள் ஞாபகத்தில் வந்து சேர்ந்தது. நீலத் திரை, தரையில் உருண்ட டம்ளர், ஈரத் துண்டு. இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. கெட்டிக்காரக் குட்டி என்று சிரித்தேன். அட முட்டாளே, சிரித்தேன்!

ஒருநாள் கண்ணாடி போட்ட ஓர் அம்மா பதறிப்போய்க் கேட்டார்: "அய்யோ, யாரு கண்ணு கதவைச் சாத்தினது?"

எட்டு வரியில் அது இல்லை. அதுவரை யாரும் கேட்டதும் இல்லை. வாண்டு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மாமா" என்றாள்.

3

"நீயாவது சொல்லேன்க்கா, அது நான் கட்டிவிட்டதுன்னு."

"தெரியும்டா." அக்கா தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கை நின்றது. "ஆனா தொப்பி தைக்கிறதுக்கு முந்தின வாரம் நான் வேலைக்குப் போயிட்டிருந்தேன். நீதானே பிள்ளையப் பாத்துக்கிட்ட?"

"அதனால?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அன்றிலிருந்து வாண்டை என்னிடம் விட்டுவிட்டு அவள் எங்கும் போவதில்லை. கடைக்குப் போனாலும் கையோடு கூட்டிப்போகிறாள். நான் தோளில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளை.  அவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

4

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வாண்டை உட்காரவைத்துச் சொன்னேன்: "எல்லாம் மாமா விட்ட கப்சா. கதவு காத்துலதான் சாத்திக்கும். உன் விரல் அங்க இல்லவே இல்ல."

அவள் யோசித்தாள். முகம் தெளிந்தது.

"ஆமா மாமா, காத்துதான். நீதானே ஜன்னலைத் திறந்து வெச்ச?"

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவள் விரலைத் திருப்பிப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. எல்லாருக்கும் இருக்கும். என் விரலைப் பார்த்தேன். இல்லை.

 இன்னொன்று: இப்போதெல்லாம் 'கதவு' என்று எழுதினால் கைப்பிடியின் குளிர்ச்சி உள்ளங்கையில் தெரிகிறது.

5

முடிவு ஒன்று: வாண்டு பெரியவளாகிறாள், உண்மை புரிந்து சிரிக்கிறாள். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: அட்டையை மாற்றி அச்சடிக்கிறோம். (மாற்றிவிட்டோம். அவள் மாறவில்லை.)

மூன்றாவது நேற்றுக் காலை நடந்தது. இதை எழுதிக்கொண்டிருந்தேன். வாண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். கதவில் மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். இடது சுண்டுவிரல் கதவிடுக்கில் இருந்தது.

"மாமா, அன்னிக்கு மாதிரியே சாத்து."

"கைய எடு கண்ணு."

"எல்லாம் ஞாபகம் இருக்கு மாமா. வலிச்சது மட்டும் ஞாபகம் வரல."

பாய்ந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தேன், கதவு அசையாமலிருக்க. முன்னறையில் மெஷின் நின்றது. அக்கா வந்தாள். அவள் பார்த்தது என் கையையும் அந்த விரலையும்தான். என் முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது. நான் திறந்த ஞாபகம் இல்லை.

அடுத்த வரியை எழுதமாட்டேன். வாண்டு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவானாலும் சரி, வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அவளை எங்காவது பார்த்தால், என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டால் சொல்லிவிடுவாள்.