முற்றத்தைத் தாண்டிய வயர்

ஏணியைப் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் ஃபித்தாவே பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அவள் மகன் ராக்கான், பழைய வீட்டுச் சுவரில் துளை போட்டு நெட் வயரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். ஒலிவ மரத்துக்கு மேலாக முற்றத்தைத் தாண்டி, கல்யாணத்துக்காக அவன் கட்டிய புது வீட்டுக்கு அது போகவேண்டும். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்ள ஏணி வேறு பிடிக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

“கெட்டியாப் பிடிம்மா, ஆடுது!”

“ஏணி ஆடலடா. உன் தொப்பைதான் ஆடுது.”

பழைய வீட்டுக்கு இரண்டு முழக் கனத்தில் கல்சுவர். நெட் வாசலைத் தாண்டாது. அதனால் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் ராக்கான் இங்கே வந்துவிடுவான். மோடத்துக்குப் பக்கத்து மெத்தையில் சாய்ந்து, லேப்டாப்பில் கம்பெனி வேலையை முடித்துவிட்டுப் பந்தாட்டம் பார்ப்பான். அவள் மரமியா என்கிற வாசனை இலை போட்டுத் தேநீர் வைப்பாள். பேச்சு பெரிதாக இருக்காது. ‘ம்’ என்பான், ‘சர்க்கரை தூக்கல்’ என்பான். அவன் தனக்காக வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எதற்கு வந்தால் என்ன, பிள்ளை வந்தான் அல்லவா. கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் இரண்டு கோப்பை கழுவ வேண்டியிருந்தது அந்த ஒரு வேளைதான்.

மருமகள் ரஹஃபையும் குறை சொல்ல முடியாது. மாசமாக இருக்கிறவள், சாயங்காலம் முழுக்கத் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அத்தை, அவரு என்கூட இருக்கறதே இல்ல” என்று அவள் கண்கலங்கியபோது, “வயர இழுத்துக்கச் சொல்லும்மா” என்றதே ஃபித்தாதான். வாய் சொல்லிவிட்டது. மனசு ஒப்பவில்லை.

வயர் புது வீட்டுக்குப் போன பிறகு ராக்கான் சாயங்காலம் வருவதில்லை. வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பது மட்டும் கேட்டது. ஃபித்தா பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குத் தேநீர் வைத்து, மிச்சத்தை ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்காக இப்படி ஏங்குகிறவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கே கிளம்பிவிட்டாள்.

“வாம்மா! நெட்டு இப்ப என்னமாப் பறக்குது தெரியுமா?” என்று ராக்கான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தான். ரஹஃப் ஏலக்காய்க் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஃபித்தா கோப்பையை வாங்கினாள். குடிக்காமல் தரையில் வைத்தாள்.

இருவரும் அப்படியே நிமிர்ந்தார்கள். அந்த ஊர் வழக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களும், கொலைப்பழிக்குச் சமாதானம் பேச வருகிறவர்களும்தான் அப்படி வைப்பார்கள். கேட்டதைச் செய்கிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கும்வரை காப்பியைத் தொடமாட்டார்கள். பெற்றவள் மகன் வீட்டில் அப்படி வைத்து யாரும் பார்த்ததில்லை.

“என்னம்மா, எனக்கு இன்னொரு பொண்ணு கேக்க வந்தியா?” என்று ராக்கான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் காலை மடக்கி நேராக உட்கார்ந்தான். “சரி, குடிம்மா. என்ன கேட்டாலும் செஞ்சிடறேன்.”

வாக்கு வந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை ‘வந்து உக்காருடா’ என்று கேட்டு வாங்குவதா? அப்படி வந்தால் அது வந்ததாகுமா?

“என் மோடத்துல செவப்பு லைட்டு எரியுது. வந்து பாத்துட்டுப் போடா.”

“இவ்ளோதானா? இதுக்கு எதுக்கு அங்க வரணும், இங்கேர்ந்தே பாத்துடலாம்.” ஃபோனைத் தடவினான். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ காப்பியக் குடி.”

ஃபித்தாவின் கை மடியை விட்டு எழவில்லை. ரஹஃப் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கையிலிருந்த கோப்பையை, ஒரு வாய்கூடக் குடிக்காமல், அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.