கெசியா வெட்டிய மரம்

வேலிப்படலைத் திறக்கும்போதே ஒபதியா முடிவுசெய்துவிட்டார், இந்தத் தடவை கேட்டுவிட வேண்டியதுதான் என்று. முப்பது வருஷமாக ஒஹையோ காடுகளில் ஆப்பிள் விதை மூட்டையோடு வெறுங்காலில் நடந்தாயிற்று. இனி ஆகாது. விதவை கெசியாவின் மரவீட்டில் அடுப்போரம் ஒரு மூலை கிடைத்தால் போதும்.

அவரைப் பற்றித்தான் எத்தனை கதை! பனியில் நடந்தாலும் கால் விறைக்காதாம், ஓநாய் கூடவே காவலுக்கு வருமாம். வீட்டுக்கு வீடு சொல்லி ரசித்தார்கள். அந்த மனுஷனுக்கு முட்டி வலிக்கும் என்பது மட்டும் எந்தக் கதையிலும் இல்லை. போன வசந்தத்தில் அவர் நொண்டுவதைப் பார்த்து என்ன ஏதென்று கேட்டவள் கெசியா ஒருத்திதான்.

கிணற்றடியில் நின்றுவிட்டார். அவள் புருஷன் செத்த வருஷம் அவர் விதை போட்டு வந்த மரம். இடுப்பளவில் அறுத்து, பிளவில் வேறு மரத்தின் இரண்டு குச்சிகளைச் செருகி, களிமண் அப்பித் துணி சுற்றியிருந்தது. மரத்தில் கத்தி வைப்பது பாவம், ஆண்டவன் விதையில் கொடுப்பதே கனி என்பது அவர் கொள்கை. ஒட்டுக் கட்டியவர்கள் வீட்டு வாசலை அவர் மறுபடி மிதித்ததில்லை. அது கெசியாவுக்கும் தெரியும்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்." வாசலில் கரண்டியோடு நின்றாள். "உங்க விதையில வர்றது அம்புட்டும் புளிப்பு, விதைக்காரரே. சாராயம் காய்ச்சத்தான் ஆகும். உங்களுக்கு இருக்கிறதே நாலு பல்லு. நீங்க கடிச்சுத் திங்க ஒரு இனிப்பு மரமாவது வேணாமா?"

அவர் மூட்டையைக் கிணற்றடியில் இறக்கினார்.

"காய்க்க மூணு வருஷம் ஆகும்." குரல் தணிந்தது. "அதுவரைக்கும் இங்கேயே இருந்தா என்னன்னு நினைச்சேன்."

அவர் கேட்க வந்ததை அவளே சொல்லிவிட்டாள். ஒபதியா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படல் வரை போனார். கெசியா தடுக்கவில்லை.

மழை பிடித்தது. திரும்பிப் பார்த்தார். மரத்தில் துணி நெகிழ்ந்து, களிமண் கரைந்து வழிந்தது. வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது. இப்படியே விட்டால் மரம் பிழைக்காது.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். முட்டி வலிக்க மண்டியிட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து வெட்டின் மேல் இறுக்கிச் சுற்றினார். முடிச்சை அழுத்திப் பிடிக்க இன்னொருத்தர் விரல் வேண்டியிருந்தது.

பிடித்தது பிடித்தபடி, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.