தூங்குமூஞ்சி மரத்து நிழலுக்கு அயல்பணி

பங்குனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாநகராட்சி லாரி வந்து, தாமரைக்குளத் தெருவிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் நிழலை எடுத்துக்கொண்டு போனது. மரத்தை எடுக்கவில்லை. மரம் எங்கள் ஊருக்குச் சொந்தம். நிழல்தான் ஒப்பந்தத்தில் இருந்தது. கடலுக்கு அப்பால் வெல்டர்ஹாவன் என்றொரு நகரம். வெப்பத்தைச் சமாளிப்பதில் அந்த நகரமும் எங்கள் நகரமும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது என்று இரண்டு மேயர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அங்கே பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாய்ந்த வெயிலில் விளைந்த நிழல் என்பதால் எல்லாம் சவசவவென்று இருக்குமாம். கெட்டி நிழல் வேண்டுமென்றால் எங்கள் பக்கம்தான் வரவேண்டும்.

அந்த மரத்தடியில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவள் தனபாக்கியம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது போகட்டும், ஊழியர்கள் நிழலைச் சுருட்டிய லட்சணம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள்.

“யோவ், கசங்குது பாரு! ஊரு விட்டு ஊரு போற பொருளை இப்பிடியா அனுப்புவீங்க? இங்க குடு,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவள் கை பட்ட எதுவும் கசங்கலோடு வெளியே போனதில்லை. லாரியைக் காக்கவைத்து, தண்ணீர் தெளித்து, ஓரம் ஓரமாகத் தேய்த்து, எட்டாக மடித்துக் கொடுத்தாள். துணிகளுக்குப் போடுவதுபோலவே மூலையில் சேங்கொட்டை மையால் குறியும் போட்டாள். இரண்டு புள்ளி, ஒரு கோடு. எத்தனை வீட்டுத் துணியோடு கலந்தாலும் உரிய வீட்டுக்கு வந்துசேர்வது அந்தக் குறியால்தான். குறி போட்டதில் தப்பில்லை. தேய்த்ததுதான் தப்பு.

ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கத்திரி பிறந்து பாதியும் போனது; நிழல் வரவில்லை. மரம் இலையும் பூவுமாகத்தான் நின்றது. அதன் அடியில் வெயில் மொட்டை மாடியில் காய்வதுபோலக் காய்ந்தது. கையில் ஐந்து கிலோ பெட்டி, பெட்டிக்குள் கனல், தலைக்கு மேல் சூரியன். ஒரு நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, சுடுபெட்டியோடு சரிந்தாள். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை வேறு தெருவுக்குத் தள்ளலாம் என்றால், வாடிக்கை வீடுகளெல்லாம் இந்தத் தெருவில்தான் இருந்தன.

பூங்காப் பிரிவின் உதவிப் பொறியாளர் ஜெயசீலனைப் பார்க்க ஏழு முறை போனாள். ஆறு முறை, “நாளைக்கு வாங்க” என்றார். ஏழாவது முறை உட்காரச் சொன்னார்.

“சந்தோஷமான சமாச்சாரம்மா. உங்க நிழல் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இவ்வளவு நேர்த்தியா, மடிப்புக் கலையாம விழற நிழலை அவங்க பார்த்ததே இல்லையாம். அஞ்சு வருஷம் நீட்டிப்பு கேட்டிருக்காங்க.”

“கேட்டா? குடுத்துட்டீங்களா?”

“பதிலுக்கு பெஞ்ச் அனுப்பியிருக்காங்களேம்மா.”

பெஞ்ச் வந்திருந்தது. இரும்புப் பெஞ்ச். ‘இந்த நிழலில் அமர்ந்து இளைப்பாறுங்கள்’ என்று பித்தளைத் தகடு பதித்து, மரத்தடி வெயிலில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு முறை உட்கார்ந்தவர் மறுமுறை உட்காரவில்லை. தனபாக்கியம் பொருமினாள். நல்லபடியாகத் தேய்த்துக் கொடுத்த பாவத்துக்கு இதுவா கிடைக்கவேண்டும்?

அதோடும் விடவில்லை. திறன் பரிமாற்றம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்ததால், வெல்டர்ஹாவன் தன் பூங்கா நிழல்களையெல்லாம் தேய்த்துத் தரச்சொல்லி மூட்டை மூட்டையாக அனுப்பியது. வந்ததைத் திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. திட்டிக்கொண்டே தேய்த்தாள். எல்லாம் மெல்லிய நிழல்கள், ஈர வாடை அடித்தன. கொஞ்சம் அழுத்தினால் கருகிவிடும்.

மூன்றாவது மூட்டையின் அடியில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் தெரிந்தன. மடிப்புக் கலைந்ததும் அவளுடைய நிழலையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். இழுத்து விரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் சைக்கிள் டயர் தடம். நடுவில் ஐஸ்கிரீம் கறை. ஓரத்தில் எவனோ சிகரெட்டால் பொத்தல் போட்டிருந்தான். அதன் வழியே வெயில் பொட்டளவு விழுந்தது.

“பாவிங்களா, இத்தினி வருசம் ஒரு துளி கரி ஒட்டாம வெச்சிருந்தேனே!” என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

அலசிக் காயவைத்துத் தேய்த்து, வண்டிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஆனால் மூட்டையில் நாற்பது வந்தால் நாற்பது போகவேண்டும். அதில் அவள் யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை.

நாலு மணிக்கு ஜெயசீலன் மூட்டையைச் சரிபார்க்க வந்தார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய நிழல் நீளமாக வண்டியின் விரிப்பின்மேல் வந்து விழுந்தது. இடுப்புப் பக்கம் நல்ல கசங்கல். தனபாக்கியம் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். தலையிலிருந்து கால்வரை தேய்த்தாள். எட்டாக மடித்து மூட்டையில் வைத்தாள். குறி மட்டும் போடவில்லை.

ஜெயசீலன் எண்ணிப் பார்த்தார். நாற்பது இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயிலில் தனியாக நடந்துபோனார்.

அவள் வண்டிக்கடியிலிருந்து மரத்து நிழலை எடுத்து ஓர் உதறு உதறி மரத்தடியில் விரித்தாள். பொத்தல் இருந்த இடத்தில் பெஞ்சை நகர்த்திப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஜெயசீலன் இரண்டு சட்டைகளோடும் ஒரு கடிதத்தோடும் வந்தார். நிழலுக்குள் நின்று கடிதத்தைப் படித்துக் காட்டினார். புதிதாக வந்த நிழலில் வெல்டர்ஹாவனுக்கு முழுத் திருப்தி. காலை பத்தரைக்கு வருகிறது, ஐந்துக்குக் கிளம்புகிறது, நடுவில் ஒரு மணி நேரம் எங்கேயோ போய்வருகிறது. உட்கார வருகிறவர்களை நாளைக்கு வரச்சொல்கிறது. இதனால் பூங்காவில் கூட்டமே இல்லை, புல் செழித்திருக்கிறது. இதே தரத்தில் இன்னும் பதினொன்று அனுப்பிவைக்க வேண்டும்.

“சட்டைக்குக் கஞ்சி போடணுமா சார்?” என்று தனபாக்கியம் கேட்டாள்.

“லேசா,” என்றார்.

மறுநாள் நாலு மணிக்குப் பூங்காப் பிரிவு ஊழியர்கள் பதினோரு பேரும் வண்டிக்கு முன்னால் வெயிலில் வரிசையாக வந்து நின்றார்கள். தனபாக்கியம் கரியை ஊதிவிட்டு, முதல் ஆளை முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னாள்.